கப்பல் கேபினில் குழந்தை தூங்க மறுக்கிறதா? எந்தத் தொல்லைக்கு என்ன வழி

எங்கள் முதல் கப்பல் பயணத்தின் முதல் இரவு, பதினொரு மணி. நானும் கணவரும் குளியலறைக்குள் இருந்தோம். அவர் மூடி வைத்த கமோடு மேல், நான் தரையில் கதவுக்கு முதுகு கொடுத்து. வெளியே இருட்டில் ஒன்றரை வயது மகள் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டில் புதுசு, அதனால்தான் என்றார் அவர். கப்பல் ஆடுகிறது, ஏசி குளிர் என்றேன் நான். மூன்றாம் நாள்தான் உறைத்தது, தொட்டிலிலும் குறையில்லை, கடலிலும் குறையில்லை. ஒரே அறையில் நான்கடி தூரத்தில் அம்மாவும் அப்பாவும் முழித்துக்கொண்டு தெரிந்தால் எந்தக் குழந்தைதான் தூங்கும்?

ஜன்னல் இல்லாத உள் கேபின் என்றால் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிதான், கட்டில், சோபா, மேசை, அலமாரி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. அறையைப் பெரிதாக்க முடியாது. ஆனால் குழந்தையின் கண்ணுக்கு என்ன படுகிறது என்பதை மாற்றலாம், பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

உங்கள் தொல்லை எதுவோ அங்கிருந்து படியுங்கள். ஒரு இரவுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேபினுக்குள் போனால் தொட்டிலே இல்லை

பெரும்பாலான கப்பல்களில் மடக்குத் தொட்டில் இலவசமாகவே கிடைக்கும், நான்கு பக்கமும் வலை போட்ட, பயணத்துக்கு எடுத்துப் போகிற வகை. ஆனால் எண்ணிக்கை அளவோடுதான் இருக்கும், அதனால் டிக்கெட் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கி, அது பதிவில் ஏறியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள். கேட்டும் வரவில்லை என்றால் கேபின் பணியாளரைக் கண்ட முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்குத் தேட ஆரம்பித்தால் எங்கிருந்தாவது வரும், ஆனால் அதற்குள் குழந்தை அழுது முடித்திருக்கும்.

வந்ததும் நீங்களே ஒருமுறை சோதியுங்கள். மேல் கம்பி நான்கையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள், பூட்டாமல் இருந்தால் வி வடிவில் உள்ளே மடங்கும், அது ஆபத்து. நடு அடிப்பாகம் முழுசாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மெத்தை மெல்லிசாக, கெட்டியாகத்தான் இருக்கும். பார்த்துப் பாவப்பட்டு மேலே போர்வை மடித்தோ இன்னொரு மெத்தையோ போடாதீர்கள், ஓரத்தில் விழும் இடைவெளியில் குழந்தை சிக்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து இரண்டு நாள் பயன்படுத்திய, துவைக்காத தொட்டில் விரிப்பு ஒன்றை எடுத்துப் போங்கள், அந்த வாசனை செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது.

இன்னொன்று, இது பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டியது. தொட்டிலில் தூங்கும் குழந்தையும் கணக்கில் ஒரு ஆள்தான், ஏனென்றால் உயிர்காப்புப் படகில் அதற்கும் ஒரு இடம் வேண்டும். இரண்டு பேருக்கான கேபினில் "குழந்தைதானே, எங்களோடு படுத்துக்கொள்ளும்" என்று மூன்றாவதாகச் சேர்க்க முடியாது.

தொட்டிலை விரித்ததும் நடக்க வழியில்லை

தொட்டில் ஏறக்குறைய 40 அங்குல நீளம், 28 அங்குல அகலம் இருக்கும். முதலில் பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள், கப்பல் கட்டில்கள் அதற்காகவே உயரமாக இருக்கும். அப்புறம் காபி மேசை. "இதை எடுத்துப் போய்விடுங்கள்" என்று பணியாளரிடம் சொன்னால் பெரும்பாலும் எடுத்துப் போய்விடுவார். அவ்வளவு இடத்தை அந்த ஒரு மேசை அடைத்துக்கொண்டிருந்தது என்பது போன பிறகுதான் தெரியும்.

அதற்கும் பிறகு இடம் போதாவிட்டால் கட்டிலைப் பாருங்கள். இரட்டைக் கட்டில் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். பிரித்து ஆளுக்கொரு சுவர் ஓரமாகப் போட்டால் நடுவில் தொட்டிலுக்கு இடம் கிடைக்கும் கேபின்களும் உண்டு, கிடைக்காத கேபின்களும் உண்டு. பிரிப்பதற்கு முன் அடி அளந்து பாருங்கள், மாற்றியதைத் திரும்ப மாற்றச் சொல்வது சங்கடம்.

அலமாரிக்கு முன்னால் உள்ள ஒடுக்கம் நல்ல இடம்: வெளிச்சம் குறைவு, கட்டிலிலிருந்து நேர்ப்பார்வையும் இல்லை. ஆனால் வெளிக்கதவுக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது, இருட்டில் அவசரமாக ஓட வேண்டி வந்தால் தொட்டிலைத் தாண்டிக் குதிக்க முடியாது. குளியலறைக்குள் தொட்டிலை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காத யோசனை, ஈரத் தரை, மூடிய கதவு, அப்புறம் இரவில் நீங்கள் எங்கே போவீர்கள்?

விளக்கை அணைத்ததும் எழுந்து நின்று கூப்பிடுகிறது

இதுதான் முக்கியமான தொல்லை, இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். பகலில் தொட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, குழந்தையின் தலை உயரத்தில் உங்கள் கண்ணை வைத்து அறையைச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் இரவில் உட்காரும் இடம் தெரிகிறதா? கண்ணாடி இருக்கிறதா? நாங்கள் தொட்டிலைத் திருப்பி வைத்து நேர்ப்பார்வையை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம், அவளோ மேசைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேபின்களில் இடம் பெரிதாகத் தெரிய எங்கு பார்த்தாலும் கண்ணாடி வைத்திருப்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

சில கேபின்களில் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு திரை இருக்கும், இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், பதிவு செய்யும்போதே அப்படிப்பட்ட கேபினைத் தேடுங்கள். இல்லாவிட்டால் நாமே திரை கட்ட வேண்டியதுதான். கப்பல் கேபின் சுவர்களும் கூரையும் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தக் கொக்கி ஒட்டும். நான்கைந்து கெட்டியான காந்தக் கொக்கிகள், ஒரு கருநிற பெட்ஷீட், அதன் மேல் விளிம்பில் மாட்ட சில கிளிப்புகள். ஏணி வேண்டாம், நாற்காலி மேல் நின்றால் எட்டும்.

இதில் மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரை தொட்டிலைத் தொடக் கூடாது, குழந்தை இழுத்தால் கையோடு வரும் தூரத்தில் இருக்கவே கூடாது. கூரையில் தெரியும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் முனையில் எதையும் மாட்டாதீர்கள், புகை உணரும் கருவியையும் மறைக்காதீர்கள். காந்தம் ஆள் உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும், சின்னக் காந்தங்களை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

தொட்டிலின் மேல் கவிழ்க்கும் இருட்டுக் கூடாரம் என்று ஒன்று விற்கிறார்கள், காற்று போக வழி வைத்துத் தைத்தது. அது நன்றாகவே வேலை செய்கிறது, எடை மட்டும் கொஞ்சம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "போர்வையைப் போட்டு மூடினால் போதாதா" என்று தொட்டில் மேல் போர்வையைப் போர்த்தாதீர்கள், உள்ளே காற்று தேங்கிச் சூடேறும், குழந்தை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும்.

சரி, குழந்தை தூங்கியாயிற்று, மணி எட்டு, நீங்கள் எங்கே போவது? பால்கனி கேபின் எடுத்தால் பணம் வீண் என்று நினைத்தவள் நான், இப்போது என் கருத்து வேறு: குழந்தையோடு போகிறவர்களுக்குப் பால்கனி என்பது கடல் பார்க்க இல்லை, இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை பேசிச் சிரிக்க ஒரு தனி அறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, திரையில் ஒரு கோடு திறந்து வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பால்கனிக் கதவு திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும் கப்பல்கள் உண்டு, அதனால் கதவைச் சாத்தியே வையுங்கள். பகலில் பால்கனி நாற்காலிகளைக் கம்பியிடமிருந்து தள்ளி வைத்து, கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டே ஆக வேண்டும், இந்த வயதுக் குழந்தைக்கு நாற்காலி என்பதே ஏணிதான்.

பால்கனி இல்லையா? முறை போடுங்கள், ஒருவர் வெளியே போகட்டும், ஒருவர் இருட்டில் காதில் இயர்போனோடு. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டு, குழந்தையைக் காட்டும் மானிட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். இரும்புச் சுவர்களுக்கு நடுவே சிக்னல் நிற்காது, கப்பல் வைஃபையில் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதும் சந்தேகம், அதற்கெல்லாம் மேலாகப் பூட்டிய கேபினில் குழந்தையைத் தனியே விடுவது எந்தக் கப்பலிலும் சரியில்லை. குடும்பங்களுக்கான பெரிய கப்பல்கள் சிலவற்றில் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் குழந்தைக் காப்பகம் இருக்கிறது, ஏறிய அன்றே போய் இடம் பிடியுங்கள், மாலை நேரங்கள்தான் முதலில் தீரும்.

தூங்கிவிட்டது, ஆனால் நடு இரவில் திடுக்கென்று எழுகிறது

இரண்டாம் இரவு மூன்று மணி. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டக். மறுபடி டக். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. கையில் போன் வெளிச்சத்தோடு அறை முழுவதும் மோப்பம் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் அலமாரிக்குள் கண்டுபிடித்தேன், காலியான மர ஹேங்கர்கள் எட்டு, கம்பியில் வரிசையாக நின்று ஒன்றோடொன்று மோதி விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு துண்டை நடுவில் நெய்தாற்போல நுழைத்தேன், நின்றது. அதன் பிறகு எந்தக் கேபினுக்குப் போனாலும் முதல் வேலை ஹேங்கர்களைக் கழற்றி மெத்தை அடியில் வைப்பது. இழுப்பறை தானாகத் திறந்து மூடினால் அதற்கு ஒரு மடித்த அட்டை, குளியலறைக் கதவு கிறீச்சிட்டால் இடுக்கில் ஒரு சாக்ஸ்.

அடுத்த குற்றவாளி நாமே. கப்பல் கழிப்பறைகள் காற்று உறிஞ்சும் வகை, பட்டனை அழுத்தினால் விமானத்தில் கேட்கும் அதே உறுமல். மூடியைச் சாத்தி, கதவைச் சாத்தி, அப்புறம் அழுத்துங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் காலை வரை விட்டுவிடுங்கள், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சத்தம் மேலிருந்து வந்தால், நாற்காலி இழுக்கும் சத்தம் விடிகாலையில் வந்தால், உங்கள் தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருக்கிறது. இரவு பன்னிரண்டு வரை தம்தம் என்றால் கீழேயோ பக்கத்திலோ நடன அரங்கு. துறைமுகத்துக்குப் போகும் காலையில் அறையே நடுங்கினால் நீங்கள் கீழ்த்தளத்தில் முன்பக்கம் இருக்கிறீர்கள், கப்பலைக் கரையோடு பக்கவாட்டில் தள்ளும் உந்து எந்திரம் அங்கேதான். பக்கத்துக் கேபின்காரர் இருமுவது கேட்டால் நடுவில் இணைப்புக் கதவு இருக்கிறது, அதன் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இதெல்லாம் ஏறிய பிறகு மாற்ற முடிகிற விஷயங்கள் அல்ல. அதனால் பதிவு செய்யும்போதே தள வரைபடத்தைத் திறந்து, மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று இருக்கும் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிப்டிலிருந்து கொஞ்சம் தள்ளி எடுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு.

மீதிச் சத்தத்துக்கு மழை இரைச்சல் போன்ற ஒரே சீரான ஒலி போதும். இணையம் இல்லாமல் ஓடும்படி போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தொட்டிலுக்குள் வைக்காதீர்கள், கதவுப் பக்கமாக, சத்தம் வரும் திசையில் வையுங்கள். குறைந்த அளவே போதும்.

இருட்டு அதிகம், அல்லது வெளிச்சம் அதிகம்

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு முன்னால் நீட்டினாலும் தெரியாது. தூங்குவதற்கு அருமை. ஆனால் நடு இரவில் விழிக்கும் குழந்தை தன் இடம் தெரியாமல் அலறும், காலையும் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. இதற்குக் கப்பல் பயணிகள் நடுவே ஒரு பழைய தந்திரம் உண்டு: பல கப்பல்களின் டிவியில் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் ஒன்று இருக்கும், அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டால் இரவில் திரை கிட்டத்தட்டக் கறுப்பு, விடியும்போது தானாக வெளுக்கும், ஜன்னல் வைத்ததுபோல. எங்களுக்கு அது இரவிலும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாகப்பட்டது, பேட்டரியில் எரியும் சின்ன மஞ்சள் விளக்கையே தரையில் வைத்துக்கொண்டோம். பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள், மின்னெழுச்சித் தடுப்பு உள்ளவற்றைப் பல கப்பல்கள் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஜன்னலோ பால்கனியோ இருந்தால் தொல்லை தலைகீழ். திரைச்சீலை கனமாகவே இருக்கும், ஆனால் இரண்டும் சேரும் நடுக்கோட்டில் வெயில் கத்திபோல இறங்கும். துணி கிளிப் நான்கு போதும். ஜூன் மாதம் நார்வே, அலாஸ்கா பக்கம் போகிறீர்கள் என்றால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்தப் பயணத்துக்கு மட்டும் நான் ஜன்னலில்லாக் கேபினுக்கே வாக்களிப்பேன்.

தொட்டிலைத் தாண்டி ஏறுகிறது, கட்டிலில் போட்டால் விழுகிறது

குழந்தை 35 அங்குல உயரத்தைத் தொட்டாலோ, காலைத் தூக்கி மேல் கம்பியில் போட ஆரம்பித்தாலோ மடக்குத் தொட்டிலின் காலம் முடிந்தது. விழுந்தால் கட்டிலைவிட அதிக உயரத்திலிருந்து விழும். அடுத்த இடம் சோபா கட்டில்தான், உயரம் குறைவு. சுவரோடு ஒட்டிய பக்கம் இடைவெளி இல்லாமலும், திறந்த பக்கம் விரிப்புக்கு அடியில் ஒரு பெரிய துண்டை இறுக்கமாகச் சுருட்டி வரப்பு மாதிரி வைத்தும், கீழே தரையில் மெத்தென்று ஏதாவது போட்டும் படுக்க வையுங்கள். சில கப்பல்களில் கட்டில் தடுப்புக் கம்பியே தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

பெரிய கட்டிலில் உங்கள் நடுவே படுக்க வைப்பதானால், சேர்த்துப் போட்ட இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே உள்ள பிளவில் கையை நுழைத்துப் பாருங்கள். கை போனால் குழந்தையும் போகும். மேலே ஒரே விரிப்பு மெத்தை போடச் சொல்லுங்கள், இல்லை என்றால் அங்கே படுக்க வைக்காதீர்கள். சுவரிலிருந்து மடங்கி இறங்கும் மேல் கட்டில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் வேண்டாம். பகலில் ஏணியையும் எடுத்து ஒளித்து வையுங்கள்.

உடம்பு சில்லிடுகிறது, அல்லது வேர்க்கிறது

கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அதுதான் அளவு. ஏசி காற்று நேராகத் தொட்டிலில் இறங்கினால் தொட்டிலை நகர்த்துங்கள், காற்று வரும் துவாரத்தை அடைக்காதீர்கள்.

பகல் தூக்கம் கெட்டு, மாலை ஐந்துக்கே ரகளை

முதல் நாள் இது நடந்தே தீரும். கப்பலில் ஏறுவது நண்பகல் வாக்கில், கேபின் தயாராவது பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல், அதற்குள் தூக்க நேரம் தாண்டிவிடும். சாய்ந்து படுக்கிற ஸ்ட்ரோலர் இருந்தால் ஆட்கள் குறைந்த தளமாகப் பார்த்து ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே நடங்கள். ஒப்படைத்த பெட்டிகள் சில நேரம் இரவுச் சாப்பாடு முடிந்தும் வராது, அதனால் விரிப்பு, பொம்மை, இரவு உடை, டயபர், விளக்கு எல்லாம் கைப்பையில்.

கிளம்பும் முன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையையும் தூக்கத்தைச் சாக்கு வைத்துத் தள்ள முடியாது, போயே ஆக வேண்டும். அங்கேயே குழந்தைக்கு ஏற்ற அளவில் உயிர்காப்பு அங்கி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொரு தொல்லை, சில கப்பல்களில் மாலையிலும் படுக்கை விரிக்க வரும் கேபின் பணியாளர், சரியாக நீங்கள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் நேரத்தில் கதவைத் தட்டுவார். அவர் மேல் தப்பில்லை, நாம் சொல்லவில்லை. முதல் நாளே "ஆறிலிருந்து ஏழுக்குள் வாருங்கள், அப்புறம் வேண்டாம்" என்று சொன்னால் போதும்.

கப்பல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்பின் மாறும் இரவுகளில், அன்று காலையிலிருந்தே சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கால் மணி நேரம் கால் மணி நேரமாக நகர்த்துங்கள். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் அதுவும் வேண்டாம், வீட்டு நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கப்பல் ஆடுகிறது, வாந்தி வருமோ என்று பயம்

இரண்டு வயதுக்குக் கீழே கடல் குமட்டல் அரிது, பெரும்பாலும் ஆட்டம் அவர்களைத் தாலாட்டும். இரண்டு தாண்டியவர்களுக்குத்தான் வரும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம், கிளம்பும் முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். அலை அதிகமான இரவில் தொட்டில் நகர்கிறதா என்று பாருங்கள், சில தொட்டில்களுக்கு ஒரு பக்கம் சக்கரம் இருக்கும், அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

கடைசி இரவு மட்டும் தூங்கவே இல்லை

இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவை துறைமுகத்தில்தான் திரும்பக் கைக்கு வரும். நாங்கள் வெகு ஒழுங்காக ஒன்பது மணிக்கே வைத்துவிட்டோம். பத்தரைக்கு மகள் புரண்டு படுத்துக் கையால் துழாவினாள், துழாவிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய முயல் பொம்மை பெட்டிக்குள். கதவைத் திறந்து பார்த்தால் நடைபாதை துடைத்து வைத்ததுபோல் காலி. அன்று பகல் முழுவதும் நான் போட்டிருந்த சட்டையைத் துணி மூட்டையிலிருந்து எடுத்து, கையை முடிச்சுப் போட்டு நீட்டினேன். கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள், அப்புறம் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டே படுத்தாள்.